முப்பது நாள் காலண்டர்

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில் இரண்டு மேசைகள், முதுகோடு முதுகு இடிக்கும்படி இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஓசி, இன்னொன்றில் துரை. வீட்டில் வைத்த பெயர்கள் இல்லை, ஒருத்தனுக்கொருத்தன் வைத்துக்கொண்டது. இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று நின்றதால் அத்தை மகன் ஓசி ஆனான். காசு கொடுத்தால்தான் தரம் என்று எதற்கெடுத்தாலும் சொன்னதால் இவன் துரை ஆனான். மூன்று வருடமாகச் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற பக்கமெல்லாம் துரை வேலை, பின்னால் ஓடுவதெல்லாம் ஓசி வேலை. சண்டை மட்டும் பொது.

கால்நடை டாக்டரம்மாவின் வெப்சைட் வந்தபோதும் சண்டைதான். நாய், பூனை வளர்ப்பவர்கள் வருவதற்கு முன் நேரம் குறித்துக்கொள்ள ஒரு காலண்டர் வேண்டும்.

"இதப் பாரு மச்சான், தொட்டா வழுக்கிட்டுப் போகுது" என்று விலைக்கு விற்கும் காலண்டரைக் காட்டினான் துரை. "உன்னோடது என்னடான்னா ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி நிக்குது."

"சுவர்னா நிக்கத்தான்டா செய்யும். உன் வழுக்கலுக்கு அந்தம்மா வருஷா வருஷம் கப்பம் கட்டணுமா? இதுல உள்ள என்ன நடக்குதுன்னு தெறந்து வெச்சிருக்காங்க. நாளைக்கு நாம ரெண்டு பேரும் ஓடிப்போனாலும் இன்னொருத்தன் வந்து சரி பண்ணுவான்."

"நீ ஓடுவியா? மாடி ஏறவே மூச்சு வாங்குற."

டாக்டரம்மா இரண்டையும் கேட்டுவிட்டு ஓசி பக்கம் சாய்ந்தார். துரையும் சரி என்று தலையாட்டினான். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டிய நாள் காலையில், ஃபோனில் திறந்தால் இலவசக் காலண்டரின் கடைசிப் பெட்டி கோணலாகத் தொங்கியது. ஒரு மணி நேரம்தான் இருந்தது. துரைக்குக் கை பரபரத்தது. விலைக்கு விற்கும் காலண்டரை முப்பது நாள் சும்மா போட்டுப் பார்க்கலாம் என்று தந்திருந்தார்கள். அதை இறக்கி, வெப்சைட்டின் பச்சை நிறத்தைப் பூசி, இருவரும் சேர்த்து வைக்கும் கோப்புகளில் போடாமல் நேராகத் தளத்தில் ஏற்றிவிட்டான். சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான்.

சாயங்காலம் ஓசி ஒரு தடவை திறந்து பார்த்தான். "டேய், நம்ம சுவரா இது? நீ கலர் பூசினதுல ஆளே மாறிடுச்சே! கை வெச்சா நீதான்டா."

அந்தப் பாராட்டு இனித்துத் தொலைத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று விட்டான். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. சுத்தமாக மறந்தே போனான்.

முப்பத்தோராம் நாள் காலண்டர் வேலையை நிறுத்திக்கொண்டது. நின்றதை வெளியே காட்டவும் இல்லை. நேரம் குறித்தவர்களுக்கு நன்றி என்று பச்சையில் எழுதிக் காட்டியது, டாக்டரம்மாவுக்கு ஒன்றையும் அனுப்பவில்லை. அதற்கு மூன்றாம் நாள் அவர் கூப்பிட்டார். ஓசி ஸ்பீக்கரில் போட்டான்.

"ரெண்டு நாளா ஒருத்தரும் புக் பண்ணலையே, எல்லா நாய்க்கும் உடம்பு நல்லாயிடுச்சு போலன்னு நெனச்சேன் தம்பி. இன்னைக்கு வாசல்ல எட்டுப் பேர் நிக்கிறாங்க, எல்லார் ஃபோன்லயும் புக் ஆயிடுச்சு, நன்றின்னு இருக்கு! நேத்து நான் ஆளில்லன்னு சீக்கிரம் கெளம்பிட்டேன். ஒரு பெரியவர் ரெண்டு பஸ் மாறி நாயத் தூக்கிட்டு வந்து, பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கார். அதுக்குக் காதுல சீழ். ஃப்ரீன்னு சொன்னப்பவே யோசிச்சிருக்கணும் நான்."

துரைக்கு உடனே விளங்கிவிட்டது. "நான் பாக்கிறேன் மச்சான்" என்று திரும்பி, பத்தே நிமிடத்தில் அந்த முப்பது நாள் காலண்டரை அழித்து, இலவசக் காலண்டரின் புதுப் பதிப்பை ஏற்றினான். கடைசிப் பெட்டி நேராக நின்றது. யாரோ எப்போதோ அதைத் திருத்தியிருந்தார்கள். "புதுசு போட்டேன், சரியாயிடுச்சு" என்றான்.

"இதத் தேர்ந்தெடுத்தது நான்தான் டாக்டர். தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க" என்றான் ஓசி, இன்னும் வைக்காத ஃபோனில்.

துரை வாய் திறந்தான். திறந்த வாயில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டான்.

ஓசி அதோடு விடவில்லை. இலவசக் காலண்டருக்கென்று குறைகளை எழுதிப்போட ஒரு பொதுப் பக்கம் உண்டு. அதில் நடந்ததையெல்லாம், நாயின் காது வரைக்கும், வரிசையாக எழுதினான்.

"அதான் சரியாயிடுச்சே, விடேன்டா."

"ஏன் நின்னுச்சுன்னு தெரியலையே. நாளைக்கு ஒரு குழந்தை டாக்டர் இதப் போட்டிருப்பார், அங்கயும் நின்னா?"

அந்தக் காலண்டரை எழுதிப் பராமரிப்பவர் வேறு ஏதோ நாட்டில் பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறவர். அன்றே பதில் போட்டுக் கேள்விகள் கேட்டார். ஓசி தெரிந்ததைச் சொன்னான். தெரிய வேண்டியது துரையிடம் இருந்தது. திங்கட்கிழமை காலை அவர் எழுதியதை ஓசி உரக்கப் படித்தான். விடுமுறை இரண்டு நாளும் அதிலேயே உட்கார்ந்தாராம். பதினொரு ஃபோன்களில் சோதித்தும் பிழை அகப்படவில்லையாம். எங்கோ தன் கவனக்குறைவுதான், அந்த நாயிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றிருந்தார். பிழை தெரியும்வரை மருத்துவமனைகள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று முகப்பிலேயே எச்சரிக்கை போட்டுவிட்டாராம்.

ஓசி படித்ததை மூடினான். பிறகு, "நீ சொன்னதுதான் சரி துரை. அந்தக் காசுக் காலண்டரையே வாங்கிப் போட்டுடலாம். எனக்கு இனிமே இதுல தைரியமில்ல" என்றான்.

மூன்று வருடமாகத் துரை கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. துரை என்ற பெயரில் இன்று கிண்டலே இல்லை, அதுதான் குத்தியது.

அந்தப் பொதுப் பக்கத்தைத் திறந்தான். 'ஒரு சின்னக் குழப்பம்' என்று தொடங்கி, அழித்தான். 'எங்கள் பக்கத்தில் ஒரு தவறு' என்று எழுதி, 'எங்கள்' என்பதைப் பார்த்துவிட்டு அதையும் அழித்தான். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினான். அது உங்கள் காலண்டரே இல்லை. முப்பது நாள் ஓடும் வேறொன்றை யாருக்கும் சொல்லாமல் போட்டவன் நான். என் கூட்டாளிக்கும் தெரியாது. எச்சரிக்கையை எடுத்துவிடுங்கள். கீழே தன் முழுப் பெயரையும் போட்டு அனுப்பினான்.

முதுகுக்குப் பின்னால், புதுப் பதில் வந்ததென்று ஓசியின் கணினி 'டிங்' என்றது.

கிறீச்சிட்டுக்கொண்டிருந்த நாற்காலி நின்றது. கீழே தையல் மெஷின் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. துரை திரும்பவில்லை.

"நான் மன்னிப்புக் கேட்டப்ப நீ தண்ணி குடிச்ச" என்றது பின்னாலிருந்து குரல்.

"ஆமா மச்சான்."

"பாட்டில் காலிடா. காலிப் பாட்டில ஏன் குடிக்கிறான்னு அப்பவே நெனச்சேன். தாகம் போலன்னு விட்டுட்டேன்."

துரையின் தோளுக்கு மேலாக ஒரு கை ஃபோனை நீட்டியது. எண் ஏற்கெனவே அழுத்தப்பட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஸ்பீக்கர் வேணாம்" என்றான் துரை.

"வேணும்."

எடுத்தார்கள். பின்னால் ஒரு குட்டி முனகும் சத்தம். "சொல்லுங்க தம்பி."

"டாக்டர், அந்தக் காதுவலி நாய் இப்ப எப்படி இருக்கு?"

"மருந்து விட்டிருக்கேன், தேவலை. பெரியவர் இங்கதான் உக்காந்திருக்கார். ஏன் கேக்கிறீங்க?"

"அவருக்கும் கேக்கிற மாதிரி ஃபோனை வெக்கிறீங்களா?" என்றான் துரை. பொதுப் பக்கத்தில் எழுதியதை முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.