ஒரு வாக்கியத்துக்கு ஒரு சொல்

மத்திய வங்கித் தலைவர் பேசப்போவதைப் பாலிகஞ்ச் அனந்தலக்ஷ்மி மூன்று நாள் முன்னதாகவே பேசிவிடுவாள். முதல் தடவை அது நடந்தது ஒரு சித்திரை மாதக் காலையில், இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது. தொண்டையில் புளித்த ஏப்பம் போல ஏதோ எழும்பிற்று. வாயைத் திறந்தாள். "அந்நியச் செலாவணிச் சந்தையில் தேவையற்ற ஏற்ற இறக்கத்தை வங்கி அனுமதிக்காது" என்று வந்தது. மூன்றாம் நாள் மும்பையில் தலைவர் அதையே சொன்னார். ரூபாய் பதினெட்டு பைசா ஏறியது. அவள் கணவர் பத்மநாபன், டாலரை எப்போது விற்கலாம் என்று தேயிலை ஏற்றுமதிக்காரர்களுக்கு யோசனை சொல்லிப் பிழைப்பவர். கல்யாணமான இருபத்தோரு வருஷத்தில் முதல் முறையாக அன்று மாலை மனைவிக்குத் தானே காபி போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சித்திரைக் காலையிலேயே அவளிடமிருந்து 'பாகற்காய்' போயிருந்தது. லேக் மார்க்கெட்டில் காய் கண்ணெதிரே குவிந்து கிடந்தது. அதன் பெயர் அவளிடம் இல்லை. எழுதவும் வரவில்லை. அடுத்த வாக்கியத்தோடு 'ஊதுவத்தி' போயிற்று. தலைவருடையது ஒன்று வெளியே வந்தால் தன்னுடையது ஒன்று திரும்பாமல் போகும் என்று புரிந்ததும் கணவரிடம் சொன்னாள்.

"ஏன்னா, அது ஒண்ணு வரச்சே என்னோடது ஒண்ணு போயிடறது."

"எது போச்சு?"

அவள் கூடையிலிருந்து எடுத்துவந்து காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். "இதுவா? இந்தாத்துல இதை யார் சாப்பிடறா?"

பத்மநாபனின் தொழிலில் வித்தை என்று ஒன்றுதான் உண்டு. போன அறிக்கையையும் இந்த அறிக்கையையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் காணாமல் போயிருக்கிறது என்று சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். 'தற்காலிக' என்ற சொல் ஒன்று விடுபட்டிருந்தால் போதும், வட்டி ஏறப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஓர் அடைமொழி குறைந்தால் கண்டுபிடிக்கும் அவருக்கு, வீட்டில் 'அசதியா இருக்கு' குறைந்துபோனது தெரியவில்லை. அடுத்த ஃப்ளாட் ரஞ்சனாதான் லிஃப்டில் கேட்டாள், "கீ கோ தீதி, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதையே விட்டுட்டியே, ராக் ஆ, கோவமா?" என்று, வங்காளியும் தனக்குத் தெரிந்த அரைத் தமிழும் கலந்து. ரஞ்சனாவின் பெயர் தை மாதமே போய்விட்டிருந்தது. அனந்தலக்ஷ்மி புன்னகை செய்தாள்.

இரண்டாம் வருஷம் இரண்டு விஷயங்கள் தெரிந்துகொண்டாள். வாக்கியத்தை விழுங்கிவிட முடியும். ஒரு முறை விழுங்கினாள். மூன்றாம் நாள் தலைவர் மேடையில் எழுந்து, தண்ணீர் குடித்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். ரூபாய் அறுபது பைசா சரிந்தது. பத்மநாபன் பதினோரு நாள் அவளோடு பேசவில்லை, அவள் வைத்த தட்டைத் தொடவில்லை. இன்னொன்று, எந்தச் சொல்லைக் கொடுப்பது என்பது அவள் இஷ்டம். அதன்பின் யோசித்துக் கொடுத்தாள். நாத்தனார்கள் பெயர்களைக் கொடுத்தாள், ராகங்களைக் கொடுத்தாள், கணவர் பெயரைப் பெரிய வருத்தமில்லாமல் கொடுத்தாள். 'வலிக்கிறது' என்பதைக் கொடுக்க மட்டும் ஒரு பகல் முழுக்கத் தயங்கினாள். பிறகு, அதைக் கடைசியாக யாராவது காதில் வாங்கியது எப்போது என்று எண்ணிப் பார்த்து, அதையும் கொடுத்துவிட்டாள். வட்டி அறிவிப்புக்கு முந்தைய வாரம் வங்கியில் யாரும் வாய் திறப்பதில்லை என்பது வழக்கம். அந்த வாரங்களில் அவளுக்கும் ஓய்வு. அடுப்படியில் நின்று, மிச்சமிருந்த சொற்களை ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

நான்காம் வருஷம் ஆடி மாதம் ஒரே ஒரு சொல் இருந்தது: ஸ்மிதா. மகளின் பெயர். பசித்தாலும் ஸ்மிதா, அழைப்பு மணி அடித்தாலும் ஸ்மிதா, மழைச்சாரல் துணியை நனைத்தாலும் ஸ்மிதா. ஜாதவ்பூரில் படிப்பை முடித்த ஸ்மிதாவுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் நாற்பதாயிரம் டாலர், அடுத்த வாரம் கட்ட வேண்டும். ரூபாய் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு ரூபாய் சரிந்தால் நாற்பதாயிரம் ரூபாய் கூடும். அந்தப் பணம் வீட்டில் இல்லாமல் இல்லை.

அன்று மத்தியானம் அம்மாவின் தொண்டை அசைவதை ஸ்மிதா பார்த்துவிட்டாள்.

"அம்மா, வந்துடுத்தா? முழுங்காதே. சொல்லு, ப்ளீஸ்மா."

அனந்தலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். விரலிடுக்கு வழியாக, "ஸ்மிதா, ஸ்மிதா" என்றாள்.

"தெரியும்மா, என் பேர்தானே மிச்சம்? அது எனக்கே தெரியுமே. நீ சொல்லலைன்னா எனக்கு மறந்துடுமா என்ன?" தாயின் கையை மெதுவாக விலக்கினாள். "போம்மா, சின்னக் குழந்தை மாதிரி பண்ணாதே. லீவுக்கு வரச்சே நானே சொல்லித் தரேன்."

பத்மநாபன் பென்சிலோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அனந்தலக்ஷ்மி மகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் கொடுத்துக் காப்பாற்றியதை, யாருக்காகக் காப்பாற்றினாளோ அவளே கேட்கிறாள். கொடுக்காவிட்டால் இந்த முகம் பதினோரு நாள் திரும்பிக்கொள்ளும், அதற்குள் விமானம் ஏறிவிடும். வாயைத் திறந்தாள். "ரூபாயைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கையையும் வங்கி எடுக்கும்." ஸ்மிதா கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். மூன்றாம் நாள் ரூபாய் எண்பத்தைந்து பைசா மீண்டது. கட்டணம் கட்டியாயிற்று.

ஆவணி பிறந்த வாரத்தில் ஸ்மிதா கிளம்பினாள். டாக்ஸியில் பெட்டிகளை ஏற்றிய பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து, "அம்மா, ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடேன்" என்றாள். அனந்தலக்ஷ்மி வாயைத் திறந்தாள். "நிலைமையை வங்கி தொடர்ந்து கவனித்து வருகிறது." கொடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லாததால் இப்போதெல்லாம் வாக்கியங்கள் இனாமாக வந்தன. ஸ்மிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, போன தடவை இருந்த 'கூர்ந்து' இதுல விட்டுப்போயிருக்கு, குறிச்சுக்கோங்கோ" என்றாள். டாக்ஸி புறப்பட்டது. மூன்றாம் நாள் ரூபாய் ஏழு பைசா இறங்கியது.