ஷண்முகப்பிரியாவில் என் முறை

...இதோ இப்போது நிறுத்துவான், இந்தச் சுற்று பஞ்சமத்தில் வந்து இறங்கியதும் நிறுத்துவான், நிறுத்திவிட்டுத் தலையை இடது பக்கம் ஒரு தடவை திருப்புவான், அவ்வளவுதான் நான் கேட்பது, 'நீ வாசி' என்று வாயால் சொல்லக்கூட வேண்டாம், கழுத்தில் சுளுக்கு எதுவும் இல்லையே அவனுக்கு, காலையில் காலேஜ் பஸ்ஸில் பின் சீட்டுப் பெண்களோடு அரட்டை அடிக்க சில்க் போர்டு ஸ்டாப் வரைக்கும் கழுத்தைத் திருப்பியபடியேதானே வந்தான்... இல்லை. நிறுத்தவில்லை. பஞ்சமத்தில் சும்மா ஒரு கால் வைத்துவிட்டு மறுபடியும் மேலே ஏறுகிறான் அச்யுத். நானும் பின்னாலேயே ஏறுகிறேன். அவன் குரலுக்கு அரை நொடி பின்னால், அவன் போட்ட தடத்திலேயே, என் வயலின். எங்கள் கல்லூரி இசைக்குழுவில் அவன் பாட்டு, நான் வயலின், எனக்கு எதிர்ப்பக்கம் மிருதங்கத்தோடு ரகுராம், பின்னால் நின்றபடி கீபோர்டில் டேரில். கீழே மூன்று நடுவர்கள், அவர்கள் மேசையில் ஒரு மணி. மொத்தமே பன்னிரண்டு நிமிடம். முதலில் ஷண்முகப்பிரியா ராகத்தை அவன் பாட வேண்டும், பிறகு அதே ராகத்தை நான் தனியாக வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பாட்டு. இப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். போன மூன்று போட்டிகளுக்கும் இப்படித்தான் பேசி வைத்தோம்.

மூன்றிலும் என் முறையைத் தின்றுவிட்டான். ராகத்தை இழுத்துக்கொண்டே போய், எச்சரிக்கை மணி அடித்ததும் மூச்சுவிடாமல் பாட்டுக்குள் குதித்துவிடுவான், நான் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு திருவிழாவில் தொலைந்த பிள்ளையாட்டம் முழிப்பேன், அதற்குள் ரகுராம் மிருதங்கத்தைத் தட்ட ஆரம்பித்திருப்பான். முதல் தடவை, சரி, பதற்றம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கேட்டேன். "ஐயோ தாரணி, ஃப்ளோல போயிட்டேன்பா, ஜட்ஜஸ் மூஞ்சிய பார்த்தியா? ஜெயிச்சுட்டோம்ல, அப்புறம் என்ன?" என்றான். ஜெயித்தது உண்மை. மூன்றாவது தடவை அவன் ரீல் போட்டான், அதில் நான் முழங்கை மட்டும்தான், மேலே போய்க் கீழே வருகிற ஒரு முழங்கை, பத்தாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் அந்த முழங்கையை. கெட்டவனா என்றால் கெட்டவனும் கிடையாது, அதுதான் என் தலையெழுத்து, கேன்டீனில் தன் தோசையைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுப்பான், எனக்குக் காய்ச்சல் என்றால் தினமும் மெசேஜ் போடுவான். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கிறது என்பதே ஞாபகம் வராத மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது?

இன்று காலையில்கூட... ஒத்திகைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்து, நான் சுருதி சேர்த்து, விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை, கடைசியில் கையில் கோல்ட் காபியோடு வந்து, "தொண்டை சரியில்லப்பா, அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்கிறான். டேரிலுக்கு அது ஒரு பொத்தான். அழுத்தினால் முடிந்தது. நான் நான்கு தந்தியையும் இறக்க வேண்டும், இறக்கினேன். இறக்கி முடித்ததும், "இல்லல்ல, பழைய சுருதியே இருக்கட்டும், இது ரொம்ப டல்லா இருக்கு" என்கிறான். ஏற்றினேன், ஏற்றும்போது மேல் தந்தி அறுந்து சுண்டு விரலில் சுளீரென்று அடித்தது. புதுத் தந்தி போட்டேன், அது இழுத்து நிற்பதற்குள் மறுபடியும், "இறக்கியே பாடிடறேன், ரிஸ்க் வேண்டாம்." நான் நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு வேறு யாராக இருந்தாலும் நான்கு நாள் சாப்பாடு இறங்கியிருக்காது. அவன் சிரித்துக்கொண்டே, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி தாரணி" என்றான். இந்த ஊரில் பஸ் சீட்டுக்கும் அதே 'கொஞ்சம் அனுசரித்துப் போ', வாடகை வீட்டுத் தண்ணீருக்கும் அதே, இப்போது வயலினுக்கும் அதே. வீணா மேடத்திடம் போய் நின்றேன், குழுவைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். "டீம்தானேம்மா, யாருக்குக் கைதட்டினா என்ன?" என்றார்கள். யாருக்கு என்றால் எனக்கு, மேடம், ஒரே ஒரு தடவை எனக்கு... "ஓகே மேம்" என்றேன்.

அழுகை வருகிறது, இங்கேயே, மேடையில், வரக்கூடாது, கண் மங்கினால் பரவாயில்லை, வில் வழுக்கினால்தான் போச்சு. இதுதான் கடைசி, அது அவனுக்குத் தெரியாதா? தெரியும், நானே சொன்னேன். அவனுக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு இருக்கிறது, அதற்குப் பிறகும் அவன் பாடுவான், சபா, யூடியூப், கல்யாணம், எங்கேயாவது பாடிக்கொண்டே இருப்பான். எனக்கு ஜூலையில் வேலை, எலக்ட்ரானிக் சிட்டியில், இரவு ஷிப்ட், அமெரிக்காக்காரர்களின் இன்ஷூரன்ஸ். அதன் பிறகு வயலின் பீரோவுக்கு மேலே போய்விடும், எங்கள் ஹெப்பகோடி வீட்டில் பகலில் தூங்கி எழுகிற அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் பகலில் தூங்கி எழுவேன், ராத்திரியானால் பொம்மசந்திரா கம்பெனி ஷிப்டுக்கு அவர் கிளம்புவார், என் ஷிப்டுக்கு நான் கிளம்புவேன். மேடை என்று ஒன்று இனி கிடையாது. அம்மா காலையில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள், "இன்னைக்காவது அந்தப் பையன் உன்ன வாசிக்க வுடுவானாடி?" பின்னால் குக்கர் விசில். மூன்று தடவை போட்டுக் கேட்டேன். இரண்டு நிமிடம் போதும் எனக்கு. யாருக்கும் பின்னால் போகாமல், யார் முடிப்பதற்கும் காத்திராமல், இரண்டே நிமிடம். தினமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி அந்த இரண்டு நிமிடத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன், அவன் திரும்புகிறான், ஹால் அமைதியாகிறது, நான் வில்லைத் தூக்குகிறேன்... சரியாக அங்கே என் ஸ்டாப் வந்துவிடும்.

"தோ பாரு மா, அவன் குடுக்க மாட்டான்" என்றான் டேரில், மேடைக்குப் பின்னால், அரை மணி நேரம் முன்பு. "நீயே உள்ள பூந்துடு. அவன் மூச்சு வாங்குற கேப்புல டக்குனு பூந்துடு, நான் கீபோர்டுல கார்டு புடிச்சினு நிக்கிறேன்." காக்ஸ் டவுன் பையன், சர்ச்சில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவன், அவனுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. "எங்க சங்கீதத்துல அப்படி பண்ண மாட்டாங்க டேரில்" என்றேன். "யாரு மா பண்ண மாட்டாங்க? பண்ணிப் பாத்தியா நீ?" பார்க்கவில்லை. பாடுகிறவர் திரும்பிப் பார்த்தால்தான் வயலின் தனியாக வாசிக்க வேண்டும், பார்க்காவிட்டால் நிழல் மாதிரி கூடவே போக வேண்டும். எங்கேயும் எழுதிவைக்காத சட்டம், கையோடு ஊறிப்போய்விட்டது. பாடுகிறவர் தடுக்கினால் வயலின்தான் தாங்க வேண்டும், தாங்கியது வெளியே தெரியவும் கூடாது. எத்தனை தடவை தாங்கியிருக்கிறேன் இவனை! மேல் காந்தாரத்துக்கு ஏறும்போது இவன் சுருதி ஒரு மயிரிழை இறங்கும், எப்போதும் இறங்கும், அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் பின்னால் போவதில்லை, முன்னாலேயே போய் அந்த ஸ்வரத்தில் நின்றுகொள்வேன், அவன் வந்து அதில் சாய்ந்துகொள்வான், படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிப்பது மாதிரி. நடுவர்கள் தலையாட்டுவார்கள். ரீலிலும் அந்த இடத்துக்குத்தான் இதயம் இதயமாகப் பறந்தது.

அதனால் இன்று அந்த இடத்தில் வில்லை எடுத்துவிடப் போகிறேன்.

பாத்ரூம் கண்ணாடியில் முகம் கழுவும்போது முடிவு செய்தேன். பாவமா இது? குரல் உடைந்தால் பரிசு போய்விடும், ரகுராமும் டேரிலும் என்ன தப்பு செய்தார்கள்? தொண்டை வேறு சரியில்லை என்றானே... அதெல்லாம் காலையில் அறுந்த தந்தி அடித்த விரலிடம் போய்ச் சொல்லட்டும். இதோ ஏறுகிறான். தைவதம். நிஷாதம். மேல் ஷட்ஜத்தில் நிற்கிறான், கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, அவன் விரித்த கை பட்டு என் மைக் லேசாகத் தள்ளிப் போகிறது, அதையும் பார்க்கவில்லை. இப்போதாவது திரும்பு அச்யுத், இங்கேயே நிறுத்தினாலும் போதும், உன்னை விட்டுவிடுகிறேன், சத்தியமாக விட்டுவிடுகிறேன், திரும்பு... ரிஷபம். நடுவர் ஒருத்தர் கை மணிப் பக்கம் போகிறது, இல்லை, பேனாவை எடுக்கிறார். திரும்ப மாட்டான். காந்தாரத்துக்கு மூச்சை இழுக்கிறான். என் விரல் அவனுக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்கிறது, பழக்க தோஷம், நான்தான் அதைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது, வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தேன்.

என்ன ஒரு மௌனம். டேரிலின் கீபோர்டு அடியில் எங்கேயோ முனகுகிறது, அதற்கு மேலே அச்யுத்தின் குரல் தனியாக, தெருவில் கண்ணாடியைக் கழற்றிய ஆள் மாதிரி தடவுகிறது, காந்தாரத்துக்குக் கீழேயே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது, பிறகு உடைந்தது. சின்ன உடைசல்தான். இருமலாக மாற்றப் பார்த்தான். கண்ணைத் திறந்தான். திறந்து, இடது பக்கம் திரும்பி, என்னைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் மேடையில் என் முகத்தைப் பார்க்கிறான், பார்வையில் கோபம் இல்லை, நான் செய்ததுகூட அவனுக்குப் புரியவில்லை, பயம், வெறும் பயம், காப்பாற்று என்கிற பயம். தலையை அசைத்தான். நீ வாசி.

வந்துவிட்டது. என் முறை. சட்டப்படி, முறைப்படி, அவனே தலையைத் திருப்பிக் கொடுத்தது. ஹால் அமைதியாகிறது, நான் வில்லைத் தூக்குகிறேன், ராகத்தின் முதல் பிடி நன்றாகவே விழுகிறது, கீழே யாரோ "ஆஹா" என்கிறார்கள். இரண்டாவது பிடி, தைவதத்தில் கொஞ்சம் ஊஞ்சலாடி, நிஷாதத்தைத் தொட்டும் தொடாமலும்... இது எங்கே கேட்டது? இப்போதுதான் கேட்டது. அவன் பாடியது. சரி, ஒன்று அவனுடையதாக இருக்கட்டும், அடுத்தது என்னுடையது என்று கீழே இறங்குகிறேன், இறங்குகிற வழியும் அவன் வழி, பஞ்சமத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சறுக்கல் வைப்பானே, அதையும் என் விரல் அப்படியே வைக்கிறது. என்ன வாசிக்கப் போகிறேன் என்று ஏன் நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை? வாசிப்பேன் என்பதை மட்டும்தானே பஸ் பஸ்ஸாக யோசித்தேன்... வீட்டில் பழகும்போதும் போனில் அவன் பாடியதைப் போட்டு, அதன் பின்னாலேயேதானே ஓடினேன். மறுபடியும் ஏறுகிறேன், இதையாவது, இதையாவது, என்று ஏறும்போது நடுவில் வில் நின்றுவிட்டது. ஏன் நின்றது? வில்லில் இன்னும் பாதி நீளம் பாக்கி இருக்கிறது. வயலினுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை. ஆனால் அவன் அங்கேதான் மூச்சு வாங்குவான்.

அச்யுத்துக்கு முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. "சபாஷ்" என்று மைக்கில் கேட்கும்படியே சொல்கிறான், ஆனந்தமாகத் தலையாட்டுகிறான், ஆட்டாமல் என்ன செய்வான்? மணி இன்னும் அடிக்கவில்லை. யாரும் குறுக்கே வரவில்லை. டேரில் சொன்னபடியே கார்டைப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்கிறான். விரல்கள் அடுத்ததற்குத் துடிக்கின்றன, அடுத்தது எது என்று அவற்றுக்கு நன்றாகவே தெரியும், அதுவும் அவன் பாடியதுதான், விரல்களைத் தந்தியோடு அழுத்திப் பிடித்து ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி, வில்லை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறேன்.