கடைசி அத்தியாயம் இல்லாத அறை

பம்பு மெக்கானிக்கின் வீட்டு உள்ளறையில் ஒவ்வொரு பிற்பகலும் முழங்கால் அளவு கடல்நீர் நின்றது. அது எந்த வழியாக வருகிறது என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடல் அங்கிருந்து ஒரு முழு ரயில் பயணத் தொலைவு. அறையில் குழாய் கிடையாது, வீடு மாடியில் இருந்ததால் ஊற்றெடுக்கவும் வழியில்லை. சுவர்களைத் தட்டிப் பார்த்தார். மொட்டைமாடித் தொட்டியைக் காலி செய்து பார்த்தார். நான்கு மூலையிலும் சுண்ணாம்புப் பொடி தூவி, எது முதலில் கரைகிறது என்று குந்தியிருந்து கவனித்தார். நான்கும் ஒன்றாகக் கரைந்தன. பொழுது சாயும்போது தண்ணீர் தானாக வடிந்து, தரையில் மெல்லிய உப்புப் படலம் மட்டும் மிஞ்சும். கீழே தையற்கடை வைத்திருந்தவரின் கூரையில் ஒரு பொட்டு ஈரமில்லை. "ஊருக்கெல்லாம் தண்ணி ஏத்தி விடுறீங்க, சொந்த வீட்டுல இறக்கத் தெரியலையாண்ணே?" என்று அவர் வாயில் நூலைக் கடித்தபடி கேட்டார். மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை. அவருடைய கேள்வியும் அதுதான்.

அந்த அறையில் படுத்திருந்தவள் அவர் மனைவி. வயதுக்கு வந்த நாளிலிருந்து நூற்பாலையில் வேலை பார்த்தவள். பஞ்சுத்தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, இனி மருந்தில்லை, மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிணற்றுக்குள் இறக்கும் குழாயின் அடியில் ஒரு சல்லடை இருக்கும். அதில் பாசி அடைத்தால் மேலே மோட்டார் எவ்வளவு உறுமினாலும் தண்ணீர் ஏறாது. மெக்கானிக் அதை அப்படித்தான் புரிந்துகொண்டார். ஆனால் அந்தச் சல்லடையைக் கழற்றிக் கழுவலாம். மனைவி பொழுதுபோக, ஆலை வாசகசாலையை மூடியபோது தூக்கிவந்த ஒரு தடித்த பழைய நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். கடலுக்கடியில் ஓடும் ஒரு கப்பலையும், அதில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாத சிலரையும் பற்றிய கதை.

தண்ணீரைக் கண்டால் இறைப்பது அவர் கைப்பழக்கம். சின்ன பம்பை வைத்து இறைத்துத் தெருச் சாக்கடையில் விட்டார். தண்ணீர் குறையக் குறைய மனைவியின் இருமல் கூடியது. ஈரம்தான் காரணம் என்று நினைத்துப் பெரிய பம்பைக் கொண்டுவந்தார். ஒரு மாதம் இப்படி ஓடியது. அக்காவைக் கவனிக்க வந்திருந்த மச்சினிதான் கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "மாமா, முதல்ல அந்தச் சனியனை நிறுத்துங்க. தண்ணி நிக்கிறப்ப அக்கா இருமுறாளான்னு ஒரு தடவை காதைக் குடுத்துக் கேளுங்க." நிறுத்தினார். தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு வந்ததும் மனைவி புத்தகத்தோடு அதில் சரிந்து, தலையை முக்கி, மூச்சு விட்டாள். அவர் அவள் முதுகில் கைவைத்துப் பார்த்தார். சீராக ஏறி இறங்கியது. காற்று புகுந்த பம்பு எத்தனை ஓடினாலும் இழுக்காது, வாய்வரை தண்ணீர் ஊற்றினால்தான் பிடிக்கும். இது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

அதன்பின் மற்றதெல்லாம் புரிந்துபோனது. கதையில் கப்பல் எவ்வளவு ஆழத்தில் போகிறதோ, அதற்குத் தக்கபடி அறையில் மட்டம் ஏறியது. புத்தகத்தை மூடினால் வடிந்தது. அதன் தாள்கள் மட்டும் நனையவில்லை. கப்பலில் சாப்பாடு பரிமாறும் பக்கங்கள் வந்தால் அவளுக்கும் பசி அடங்கியது. மெக்கானிக் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். கதவை உள்பக்கமாகத் திறக்கும்படி மாற்றி, நிலையின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினார். அப்படிச் செய்தால் தண்ணீரின் எடையே கதவை ரப்பரோடு அழுத்திப் பிடிக்கும். தண்ணீர் கூடக் கூடக் கசிவு குறையும். கதவில் தடித்த கண்ணாடி ஒன்றும் பதித்தார். மழைக்காலம் வந்து போனது, அவள் இருந்தாள். தையற்காரர் சீட்டியடித்தபடி, "மேல என்ன, திமிங்கலமாண்ணே? துணி வெட்டுறப்ப மேசை அதிருது" என்றார். "சின்னதுதான்" என்றார் மெக்கானிக்.

மூன்றாம் வருடம் மட்டம் இறங்கத் தொடங்கியது. அவள் முடிவை நெருங்கியிருந்தாள். நடுவிலிருந்து மறுபடி படித்துப் பார்த்தாள். முன்பு விட்டம்வரை ஏறிய பக்கத்துக்கு இப்போது இடுப்பளவுதான் வந்தது. மறுமுறை இன்னும் குறைந்தது. மெக்கானிக் மறுபடி சுவரைத் தட்டினார், ரப்பரை மாற்றினார். அவள் கட்டிலில் சாய்ந்து, வார்த்தைக்கு ஒரு மூச்சாகக் கேட்டாள்.

"கடைசில அவங்க கரைக்கு வந்துடுறாங்கல்ல?"

"வந்துடுறாங்க. படிச்சுப் பார்த்தேன்."

"அப்ப தண்ணி அதுவழியாத்தான் போகுது. உங்களுக்குத் தெரியாததா."

அவருக்குத் தெரியும். தொட்டியின் அடியில் ஒரு துவாரம் இருந்தால், மேலே எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. இத்தனை நாளும் அதைச் சுவரில் தேடிக்கொண்டிருந்தார்.

"கடைசி அத்தியாயத்தை எடுத்துட்டா, கதைல இருக்கறவங்க யாருமே வெளிய வர முடியாது" என்றார்.

"கரைமேல இருந்து நான் என்ன கிழிச்சேன். வெட்டுங்க. ஒரு நாளாவது சொன்னதைக் கேளுங்க."

மச்சினி அக்காவின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்க, அவர் புத்தகத்தின் முதுகைத் தையற்காரரின் கத்தரியால் பிரித்தார். புத்தகம் மூடியிருந்த அந்த நேரம் முழுக்க அறை காய்ந்து கிடந்தது, அவள் உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. கரையில் நடக்கும் முதல் இரண்டு அத்தியாயங்களையும், எல்லோரும் கரையேறும் கடைசி அத்தியாயத்தையும் எடுத்து அடுப்பில் போட்டார். மீதித் தாள்களில் துளையிட்டு, உப்புக்குத் துருப்பிடிக்காத கம்பியை வளையமாக வளைத்து, அதில் கோத்தார். வளையத்தில் முதல் தாளும் இல்லை, கடைசித் தாளும் இல்லை. அதை அவள் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

அதிலிருந்து மட்டம் இறங்கவில்லை. தண்ணீரின் எடையால் கதவை இனி யாராலும் உள்ளே தள்ள முடியாது. கண்ணாடியின் உள்பக்கம் படியும் பாசியை முதல் சில வருடங்கள் அவள் உள்ளங்கையால் துடைத்துவிட்டு அவரைப் பார்ப்பாள். இப்போது துடைப்பதில்லை. அவர் தினமும் காலையில் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, கதவில் காது வைத்து, தாள் புரளும் சத்தம் கேட்டபின் வேலைக்குப் போகிறார். தண்ணீர் விட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. கதவு கசியவில்லை.