அத்தான் கையில் குடியேறியது

அத்தானின் வலது கை பூசணிக்காயாய் வீங்கி, மருத்துவமனைக் கட்டிலில் தலையணைமேல் கிடந்தது. சுண்டுவிரலில் ஏதோ ஒரு கீறல், அதிலிருந்துதான் தொடங்கியது. கொடுத்த ஆன்டிபயாடிக் எதற்கும் அடங்கவில்லை. சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

சீழில் வளர்ந்த பாக்டீரியா எதுவென்று மருத்துவர் சொன்னதும், அக்காவோடு வந்திருந்த தங்கை அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஏரித் தண்ணீரில் வாழும் அதே பாக்டீரியாவைப் பிடித்துவந்து, அதன் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிப்பதுதான் அவள் பிழைப்பு. போன வாரம் ஏரியிலிருந்து நேராக, சேறு ஒட்டிய காலணியோடு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மாதிரி பாட்டில்களை அங்கே சமையலறைக் குழாயில்தான் கழுவினாள்.

அக்காவிடம் சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டாள். மருத்துவரிடம் போனாள்.

"அந்த பாக்டீரியாவுல கொஞ்சம் எனக்கு வேணும் டாக்டர்."

"இந்த நேரத்துல ஆராய்ச்சியாம்மா?"

"இல்ல டாக்டர். அது எங்கிட்டேருந்து போச்சான்னு பாக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு கொடுக்கச் சொன்னார்.

ஆய்வகத்தில் இயந்திரம் படித்து முடிக்கும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். அக்காவின் போன் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

முடிவு வந்தது. ஏரியில் பிடித்ததும் கையில் இருந்ததும் ஒரே இனம்தான். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. அவள் கொண்டுபோனதல்ல.

அந்த நிம்மதி, கையிலிருந்த டீ ஆறும்வரைகூட நிற்கவில்லை. சதையைக் கரைக்கும் நச்சுக்கான மரபணுக்கள் இரண்டிலும் இருந்தன. அது பிறவிக் குணம். அத்தானின் கையில் இருந்ததிலோ கூடுதலாக ஒரு சின்ன மரபணு வளையம். மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் அதில் அடுக்கடுக்காக இருந்தன. மற்ற பாக்டீரியாக்களிடம் வாங்கிய இரவல் சொத்து. மருந்தையே பார்க்காத தண்ணீரில் இத்தனையையும் சுமந்து திரிய அதற்கு என்ன தலையெழுத்து? எங்கேயோ யாரோ மருந்து ஊற்றி வளர்த்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் எதிர்ப்பு மரபணு எதுவும் தென்படவில்லை. மருத்துவரை அழைத்துச் சொன்னாள்.

"கிருமிய தட்டுல வளத்து, அதுமேல மருந்த வெச்சுப் பாத்துட்டுத்தாம்மா குடுப்பேன். மரபணுவ மட்டும் நம்பி ஊசி போட முடியாது," என்றார். தட்டிலும் அந்த மருந்து கேட்டது. அன்றே ஏற்றினார்கள்.

அத்தானுக்கு மாற்றுத்துணி எடுக்க அக்கா வீட்டுக்குப் போனவள் கூடத்திலேயே நின்றுவிட்டாள். அத்தானின் மீன்தொட்டி. தீவன டப்பாவுக்குப் பக்கத்தில் பிரித்துக் கொட்டிய ஆன்டிபயாடிக் கேப்சூல்களின் வெற்றுக் கூடுகள். போனில் கேட்டாள்.

"மீனுக்கு யாருக்கா மருந்து போடுறது?"

"அவர்தான். ஒரு மீன் சோர்ந்துட்டா போதும், மனுஷனுக்குச் சோறு இறங்காது. வெறுங்கையாலயே கலக்கி விடுவாரு. ஏன்டி?"

தொட்டித் தண்ணீரை எடுத்துப்போய் அதிலிருந்த பாக்டீரியாவைப் படித்தாள். நச்சும் வளையமும் உட்பட, கையில் இருந்ததோடு அச்சாகப் பொருந்தியது.

சிவப்பு இறங்கியது. கை பிழைத்தது, சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. வீடு திரும்பிய அத்தானிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து தொட்டியருகே போனார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்மா ஊத்துனேன்."

"தெரியும் அத்தான்."

"மீனுங்கள என்ன பண்ணப் போற?"

"இருக்கட்டும். மருந்து மட்டும் வேணாம். எடுக்குற தண்ணிய பிளீச்சிங் பவுடர் போட்டு வெச்சிருந்து அப்புறம் கொட்டலாம். அப்படியே சாக்கடையில விட்டா ஏரிக்குத்தான் போகும்."

"பக்கத்துத் தெருவுல நாலஞ்சு பேரு மீன் வளக்குறாங்க. அவங்களுக்கும் இந்த மருந்த போடச் சொன்னதே நான்தான்," என்றார் அவர், குரல் தாழ்ந்து.

அவர்கள் வீடு எங்கே என்று அவள் விசாரித்துவிட்டு, அவருக்காக வாங்கிவந்த ரப்பர் கையுறையில் காற்றை ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று காதருகே வைத்துக் கேட்டாள்.

"செத்த உக்காரேன்டி," என்றாள் அக்கா.

அவள் அடுத்த கையுறையை எடுத்தாள்.