இரண்டு விரல் உயரம்

இடது பூட்ஸின் சோல் ஒரே நெம்பலில் கிளம்பி வந்துவிட்டது. வலதுதான் அடம் பிடித்தது. மார்லா அதைக் கராஜ் மேசையில் இருந்த இடுக்கியில் தலைகீழாக மாட்டி, பெயின்ட் சுரண்டும் தகட்டைப் பசைக்குள் நுழைத்து நெம்பினாள். இறுதிச் சடங்குக்கென்று மகள் கெண்ட்ரா வாங்கிவந்த கறுப்பு உடையின் மடியெல்லாம் ரப்பர் தூள். வெளியே ஒவ்வொன்றாக பைக்குகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"மார்லா! பூட்ஸ் கெடைச்சுதா இல்லையா?" வாசலிலிருந்து ராய்ஸ் கத்தினான்.

"தேடறேன். கத்தாதே."

"அத எடுக்க இவ்ளோ நேரமா? சும்மா மூலைலதான கெடக்கும். அந்த சோஃபா வந்ததுலேர்ந்து அதுக்கு வேற என்ன வேல?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். புருஷனை இன்னும் புதைக்கக்கூட இல்லை, வாசலில் நின்று இளிக்கிறார்கள். மார்லா தகட்டை இன்னும் ஆழமாகக் குத்தினாள்.

சோஃபா என்று அவர்கள் சொன்னது அவள் புருஷன் வெண்டல் போன வசந்தத்தில் வாங்கிய பைக்கை. தாழ்வான அகல சீட்டு, பின்னால் உட்காருபவருக்கு முதுகு சாய மெத்தை, காற்றைத் தடுக்கப் பெரிய கண்ணாடி. நல்ல தார் ரோட்டில் நாளெல்லாம் அலுங்காமல் போகலாம். அதற்கு முன்னால் அவன் ஓட்டியது வேறு ஜாதி. கழுதை உயரத்துக்கு ஒரு ஆரஞ்சு நிற வண்டி. அதில்தான் பதினெட்டு வருஷம் ஐடஹோ மலைகளில் ஒரு சரளைப் பாதை விடாமல் சுற்றினான். ஓடைகளை வண்டியோடு கடந்தான். வலப்பக்கம் பாதாளமாக இருக்கும் கணவாய்களில் எழுந்து நின்று ஓட்டினான். கூடவே ராய்ஸும் அவன் கூட்டமும். அந்தக் கூட்டத்துக்குத் தார் ரோடு என்பது மலைப் பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் வழி, அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் ஆரஞ்சு வண்டியை ராய்ஸுக்கே விற்றுவிட்டு சோஃபாவில் வந்து இறங்கினால் சும்மா விடுவார்களா?

போன சனிக்கிழமை, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைச் சந்திப்பில், வைக்கோல் ஏற்றிவந்த லாரி ஒன்று எதிரே வந்தவனைப் பார்க்காமல் இடப்பக்கம் திரும்பியது. வெண்டல் அங்கேயே போய்விட்டான். லாரிக்காரன் ரோட்டோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம். ஆனால் ராய்ஸ் கூட்டத்தின் கணக்கில் கொன்றது லாரி இல்லை. மார்லா.

நேற்று சாயங்காலம் துக்க வீட்டுக்கென்று ஹாம் இறைச்சித் துண்டம் ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்துவிட்டு, ராய்ஸ் கெண்ட்ரா எதிரிலேயே சொன்னான். "மண் ரோட்டுல வைக்கோல் லாரி வராது, மார்லா." பெற்ற மகள் அதைக் கேட்டுக்கொண்டு தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். கூட்டத்தில் ஒருவன் செத்தால் அவனுடைய வண்டிதான் ஊர்வலத்தில் முதலில் போகும். நெருங்கிய சிநேகிதன் அதை ஓட்டுவான். செத்தவனின் பூட்ஸ்களை, குதிகால் முன்பக்கம் பார்க்க, வண்டியின் இருபுறமும் தொங்கவிட்டுக் கட்டுவார்கள். ராய்ஸ் காலையிலேயே ஆரஞ்சு வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். "வெண்டலோட வண்டி இதுதான். நசுங்கிக் கெடக்கே, அது இல்ல. போய் பூட்ஸ எடுத்துட்டு வா."

"தொப்பியக் கட்டிக்கோ," என்று மார்லா சொல்லிப் பார்த்தாள்.

"தொப்பியா? அவன் என்ன மாடா மேய்ச்சான்?"

"குடும்மா," என்றாள் கெண்ட்ரா. "அதக்கூட குடுக்க மாட்டியா?"

அதற்குமேல் என்ன சொல்வது? எழுந்து கராஜுக்குள் வந்து உள்ளே தாழிட முயன்றாள். அந்தத் தாழ் எப்போதுமே சரியாக விழாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெண்டலின் முதுகெலும்பும் இரண்டு இடுப்பு மூட்டுகளும் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிக் குறுகிக்கொண்டு வருகின்றன என்று டாக்டர் சொன்னார். இடுப்பு வலி என்று போனவனுக்கு உயரம் அளந்து காட்டினார்கள். வீட்டுக்கு வந்தவன் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று தானே அளந்து பார்த்தான். அளவுநாடாவைத் தூக்கி எறிந்தான். ஆரஞ்சு வண்டியில் உட்கார்ந்தால் முன்பெல்லாம் இரண்டு பாதமும் தரையில் பதியும். பிறகு விரல்கள் மட்டும். பிறகு ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்தால்தான் ஒரு காலின் நுனியாவது எட்டும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் குதிரைச் சேணம் தைப்பவன் ஒருவனிடம் போய் பூட்ஸின் பழைய சோலை எடுத்துவிட்டு இரண்டு விரல் கனத்துக்கு ரப்பர் ஒட்டவைத்துக்கொண்டு வந்தான். அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் மேலும் கீழும் நடந்தான்.

"பாத்தா தெரியுதா?"

"மொரட்டு பூட்ஸ். யாரு அடியப் பாக்கப் போறா?"

இரண்டு விரல் கனம் ரொம்ப நாள் உதவவில்லை. ஒரு நாள் வீட்டு வாசலிலேயே, நிறுத்திக்கொண்டிருக்கும்போதே, வண்டி சாய்ந்து அவன் கால்மேல் விழுந்தது. மார்லா ஓடிவந்தபோது கன்னம் சிமென்ட் தரையில் பதியக் கிடந்தான். அவன் முதலில் கேட்டது காலைப் பற்றி இல்லை. "ராய்ஸ் பாத்தானா?" என்றான். "கையால தூக்காதே, இடுப்பக் குடு, இடுப்பக் குடு," என்று கிடந்தபடியே சொல்லிக்கொடுத்து வண்டியைத் தூக்க வைத்தான். அன்று ராத்திரி அழுதான். யாரிடமும் சொல்லக்கூடாது, கெண்ட்ராவிடம்கூட, என்று சத்தியம் வாங்கினான்.

பிறகு சோஃபா வந்தது. உணவு விடுதியில் ராய்ஸ் கூட்டம் அவனைப் பிடித்துக்கொண்டு காய்ச்சியது. வெண்டல் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "இவ நச்சரிப்பு தாங்கலடா. மகாராணிக்குப் பின்னால சாஞ்சு உக்காரணுமாம்."

மேசை முழுக்க மார்லாவைப் பார்த்தது. அவள் வெண்டலைப் பார்த்தாள். மேசைக்கடியில் அவன் முழங்கால் அவள் முழங்காலை விடாமல் இடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா. என் முதுகு என்ன இரும்பா?" என்றாள். உண்மையில் பைக்கின் பின்சீட்டு அவளுக்கு ஆகாது. சோஃபாவில் அவள் உட்கார்ந்ததைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

அன்றிலிருந்து அவள்தான் வில்லி. இப்போது கொலைகாரியும் ஆகிவிட்டாள். 'நீ பாட்டுக்குப் போயிட்டே, பாவி. என்ன இவங்க வாயில மாட்டி விட்டுட்டுப் போயிட்டே,' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். சோல் பாதிவரை வந்து கிழிந்தது. மிச்சத்தை அறுக்கக் கத்தியை எடுத்தபோது கதவு திறந்தது.

"அம்மா! என்ன பண்றே?"

கெண்ட்ரா கத்தியைப் பார்த்தாள். இடுக்கியில் தலைகீழாக நின்ற பூட்ஸைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

"பழசு. பிஞ்சு தொங்கிச்சு."

"பொய் சொல்லாதே. வெட்டறே. அப்பா பூட்ஸ வெட்டறே."

மார்லா கத்தியை ரப்பருக்குள் இறக்கினாள்.

"அவருக்குப் பிடிச்ச வண்டிய விக்க வச்சே. இப்ப பூட்ஸயும் குடுக்க மனசு வரல. அவங்க கேட்டாங்கன்றதுக்காக கிழிச்சுப் போடறே. என்ன பொம்பள நீ?"

ஒரு வாக்கியம் போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் மகள் கத்தியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். பிறகு தாங்க முடியாமல் அரை மணியில் ராய்ஸிடம் போய்ச் சொல்வாள், ஏனென்றால் அவள் அப்படித்தான். ராய்ஸ் வாசலில் நிற்கும் அத்தனை பேருக்கும் சொல்வான். ஐயோ பாவம் வெண்டல், கால் எட்டாமல் போயிற்றாம் என்று, அவனைப் பெட்டியில் வைத்துக்கொண்டே பேசுவார்கள்.

"நீ அந்த வண்டிய வாங்கச் சொல்லலேன்னா அப்பா இன்னிக்கி இருந்திருப்பாரு," என்றாள் கெண்ட்ரா.

மார்லா இடுக்கியை இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள். "இருந்திருப்பாரு," என்றாள். "கதவச் சாத்திட்டுப் போ."

கதவு அடித்துச் சாத்தியதில் சுவரில் தொங்கிய சாவிகள் ஆடின. அவள் மிச்ச ரப்பரை அறுத்தெடுத்து, சோல்களைக் கைப்பையில் திணித்து, மூட வராத பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ராய்ஸ் பூட்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "என்னடி இது, அடியே இல்ல?"

"தேஞ்சு போச்சு. பதினெட்டு வருஷம் உன் பின்னால நாய் மாதிரி சுத்தினா தேயாதா?"

"என் பின்னாலயா?" அவன் குரல் ஏனோ தழுதழுத்தது. "நான்தான் அவன் பின்னால போனேன். எப்பவும்." பிறகு சட்டென்று முகம் மாறி, "நீதான் அவன மொடக்கிப் போட்டியே," என்றான்.

பூட்ஸைக் கட்டினார்கள். ஊர்வலம் கிளம்பியது. ராய்ஸ் முதலில், அவனுக்குப் பின்னால் பெட்டி, பிறகு மகளும் தாயும் ஒரே காரில். கெண்ட்ரா ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினாள். காருக்குள் ரப்பர் வாடை. கெண்ட்ரா ஜன்னலை இறக்கினாள்.

ஊர் எல்லையில் வண்டிகள் நின்றுதான் போகவேண்டும். ராய்ஸ் நின்றான். நிற்பதற்கு முன்னால் அவன் சீட்டில் இடப்பக்கமாகச் சரிந்தான். பாதிப் பின்புறம் சீட்டை விட்டு இறங்கித் தொங்க, காலை நீட்டினான். மார்லா முன்னால் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அந்தச் சரிவை அவள் சமையலறை ஜன்னலிலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். ராய்ஸுக்கு வெண்டலைவிட மூன்று வயது கூட.

கல்லறைத் தோட்டம் மேட்டில் இருந்தது. பாதிரியார் சுருக்கமாக முடித்தார். பெட்டி இறங்கும்போது எல்லா இன்ஜின்களையும் ஒருசேர முறுக்கி உறும விடுவது அவர்கள் வழக்கம். அதற்காக ராய்ஸ் ஆரஞ்சு வண்டியைக் குழிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தான். புல்லுக்குத் தண்ணீர் விட்டதில் பாதையின் சரளை நனைந்து கிடந்தது. போதாததற்கு அந்த இடம் சரிவு.

அவன் நின்றான். இடது காலை ஊன்றினான். நுனிதான் பட்டது, பட்ட இடமும் வழுக்கியது. கட்டியிருந்த பூட்ஸ்கள் ஒரு பக்கமாக ஆடின. வண்டி மெல்லச் சாயத் தொடங்கியதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்லா இரண்டே எட்டில் போய்ச் சேர்ந்தாள். பின்பக்கக் கம்பியைப் பிடித்து, கையால் தூக்காமல், இடுப்பைக் கொடுத்தாள். வண்டியின் மொத்த எடையும் அவள்மேல் வந்து நின்றது. இடுப்பெலும்பு முறிந்துவிடும் போல வலித்தது.

ராய்ஸ் திரும்பவில்லை. அவன் பிடரி சிவந்து வியர்த்திருந்தது.

"விட்டுடாதே," என்றான் உதட்டுக்குள்.

"எவ்ளோ நாளா?"

"வாய மூடு, மார்லா."

"சரி."

மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். புருஷனுடைய வண்டியைத் தொட்டு அவள் விடைகொடுக்கிறாள் என்று நினைத்தார்கள். காலையிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

வண்டியின் இடப்பக்கம் நின்றது கெண்ட்ரா ஒருத்திதான். ராய்ஸின் கால் நுனி சரளையைத் துழாவுவதை அவள் பார்த்தாள். அதற்கு மேலே தொங்கிய அப்பாவின் பூட்ஸைப் பார்த்தாள். அதன் அடியில் புதிதாக அறுத்த பசைத் தழும்பு. பிறகு அம்மாவின் கக்கத்தில் மூட வராத கைப்பை, அதன் வாயில் துருத்திக்கொண்டிருந்த கறுப்பு ரப்பர்.

அவள் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கம்பியில் அம்மாவின் கைக்கு அருகே தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

பெட்டி இறங்கியது. இன்ஜின்கள் எல்லாம் ஒன்றாக உறுமின. ராய்ஸின் கால் இன்னும் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.