ஒரு நாள் கூடப் போட்டுக் குடுங்க

என் அப்பாவின் கடைசிப் பேரத்தைக் கேட்க முன்வரிசையில் ஐந்நூறு ரூபாய், பின்வரிசையில் இருநூறு. எனக்கும் என் மனைவிக்கும் ஓசி. தன் நகைச்சுவை நிகழ்ச்சிக்குத் தம்பி பாஸ் அனுப்பியிருந்தான், இருநூறு வரிசைக்கு.

மேடையில் ஒரு ஸ்டூல், ஒரு மைக், அவன்.

"டாக்டர் சொல்றாரு, இன்னும் ரெண்டு நாள்தான்னு. எங்கப்பா நாப்பது வருஷமா ஜவுளிக்கடை. கண்ணைக்கூடத் திறக்கல. 'ரெண்டா? ஒரு நாள் கூடப் போட்டுக் குடுங்க, மூணா முடிச்சுக்கலாம்'ங்கறாரு!"

அரங்கம் குலுங்கியது. அது அடங்குகிற நேரம் பார்த்து அடுத்ததை எடுத்து விட்டான். "பக்கத்துல நிக்கறேன், அழறதா சிரிக்கறதான்னு தெரியல."

பக்கத்தில் நின்றவன் நான். அவன் அப்போது வேறு ஊரில் இருந்தான், ரயில்கூட ஏறவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதே நான்தான். என் மனைவியிடமும் சொன்னேன். அன்று "பாவம் மாமா" என்று எழுந்து போனவள், இன்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்துல நின்னது நீயாடா?"

"'எங்கண்ணன் நின்னாரு, வந்து எங்கிட்ட சொன்னாரு'ன்னு சொன்னா எவன் சிரிப்பான்? சரக்கு உன்னுதுதான், ஒத்துக்கறேன். நீ கடை விரிச்சப்போ போணியாகலையே அண்ணா."

"அதுக்காக என்னைக் கேக்காம எடுத்துப்பியா?"

துண்டைக் கீழே வைத்தான். "நான்தான் அங்க இல்லையே. மேடையில அந்த ஒரு நிமிஷம்தான் அவர் பக்கத்துல நிக்கறேன்." குரல் இறங்கியது. "அதுக்கப்புறம் ஏதாவது சொன்னாரா? என்னைப் பத்தி?"

சொன்னார். டாக்டர் சொன்ன இரண்டு நாளும் தாண்டி மூன்றாம் நாள் காலையில், என் கையைப் பிடித்தபடி, "சின்னவன் வந்துட்டானா?" என்று கேட்டார். பத்து நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் முதுகு ஒடியப் படுத்தவன் நான். அந்த ஒரு நாளை அவர் யாருக்காகப் பேரம் பேசி வாங்கினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரே சிரிக்கிற அந்தப் பேச்சுகூட எனக்கானது இல்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"சரி" என்று துண்டை மறுபடி எடுத்து, துடைத்த முகத்தையே துடைத்தான்.

வீடு வரும்வரை கணக்குப் போட்டேன். அவன் என்னிடம் எடுத்தது ஒரு சிரிப்பு. நான் அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது அப்பாவின் ஒரு முழு நாள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பாக்கி என் பேரில்தான் நின்றது.