அர்ட்நாஸ்கியின் புதுக் கோபுரம்

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸிலிருந்து கிளம்பி மலைநாட்டை ஒரு சுற்றுச் சுற்றி, நாலாம் நாள் மாலை கிளம்பிய இடத்திலேயே ஆட்களை இறக்கிவிடுவது என் வேலை. வண்டி ஓட்டுவதும் நான்தான், பேசுவதும் நான்தான். ஏரி, பள்ளத்தாக்கு, பாழடைந்த வீடு என்று எது எதிரே வந்தாலும் அதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கும். கோட்டைக்கு உள்ளே மட்டும் நான் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே பேசுவதற்கு அந்தந்தக் கோட்டையின் சொந்த ஆட்கள் நிற்பார்கள்; நான் கடைசி ஆளாகப் பின்னால் வர வேண்டும். "இஷ்பெல் வாயை அடைக்கணும்னே எவனோ போட்ட சட்டம்" என்று என் புருஷன் சொல்வான். எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்த ஜூலையில் என் வண்டியில் வந்தவர்களில் ஆல்வின் கில்ரேவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர், எழுபதைத் தாண்டியவர். முதல் நாள் காலையிலேயே கில்ட், அதாவது எங்கள் நாட்டு ஆண்களின் கட்டம்போட்ட பாவாடை, கட்டிக்கொண்டு வந்து நின்றார். எங்கள் ஊர் ஆண்கள் கல்யாணத்துக்குக் கட்டுவதோடு சரி. பொடிக்கொசு மொய்க்கிற மாதத்தில் வெறும் முழங்காலோடு மலை ஏற எங்களில் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

கில்ட்டின் ஓரம் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு வெள்ளி ஊசி குத்தியிருந்தார். அதன் தலையில் ஒரு சின்னம். ஒன்றையொன்று வெட்டிப்போகும் இரண்டு கோடுகள், மேலே ஒரு கோடு போட்டு மூடியிருந்தது, கீழே ஒரு காலில் மட்டும் சின்னதாக ஒரு வால்.

"என்ன சார் இது? ஒயின் கிளாஸுக்கு வால் முளைச்சிருக்கு?" என்று கேட்டார் பிரென்டிஸ். யார்க்ஷயரில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையாவது சீண்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"எங்க குடும்பச் சின்னம்," என்றார் ஆல்வின், கொஞ்சமும் அசராமல். "எங்க கொள்ளுத்தாத்தா அர்ட்நாஸ்கி கோட்டையிலருந்து வந்தவரு. பிரபுவோட கடைசிப் பையன். அப்பாகூட சண்ட போட்டுட்டுக் கப்பல் ஏறிட்டாரு. எங்க பண்ணை வாசக் கல்லுலகூட அவர் கையாலயே இத வெட்டி வெச்சிருக்காரு."

"கல்யாணம் ஆன நாள்லருந்து இந்தக் கதையக் கேக்குறேன்," என்றாள் அவர் மனைவி நோலீன். ஒரு முழங்காலில் பட்டி கட்டியிருந்தாள், நாக்குக்கு எந்தக் கட்டும் இல்லை. அவர் கையைப் பிடித்துத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். "பாருங்க. பிரபு வீட்டுக் கை இப்படியா இருக்கும்? மண்வெட்டி மாதிரி."

வண்டியே சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஆனால் அவருக்கு அது விளையாட்டில்லை. மூன்றாம் நாள் அர்ட்நாஸ்கி. பெரிய கூடத்தில், கணப்படுப்புக்கு மேலே கல்லில் செதுக்கிய குடும்பச் சின்னம் இருக்கிறது என்று எங்கோ படித்திருக்கிறார். அதன் கீழே நின்று ஊசியைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுக்க வேண்டும். ஊர்ப் பத்திரிகைக்காரனிடம் இடம் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டே வந்திருந்தார்.

அந்தக் கணப்படுப்பின் மேலே இருப்பது மான் தலையும் மூன்று நட்சத்திரமும் என்று எனக்குத் தெரியும். எத்தனை தடவை பார்த்திருப்பேன். ஆனாலும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்த மனுஷனிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லத் தெரிந்த ஆளாகப் பார்த்து அன்றைக்குக் கூடத்தில் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மற்றபடி மனுஷர் வழி நெடுக எங்கள் நாட்டைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். கிளென்கோவில் மற்றவர்கள் மலையைப் பார்த்து வாய் பிளந்து நிற்க, இவர் சாலையோரத்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடிச்சிட்டுப் போட்ட வேலி." ஸ்கை தீவில் ஒரு கற்சுவரைப் பார்த்துவிட்டு, "வயிறு தள்ளிடுச்சு. ரெண்டு மழைக்குத் தாங்காது." எங்கள் சுவரைப் பற்றி வெளியூர்க்காரர் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால் அதற்கும் வழியில்லாமல் போனது.

அர்ட்நாஸ்கிக்குப் போவது ஒற்றை வண்டி போகிற பாதை. எதிரே வந்த ஆட்டு லாரிக்காக ஒதுங்கும் இடம் வரை வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டேன். அவன் ஒரு விரலைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போனான். ஆல்வின் எதையும் கவனிக்கவில்லை. கைக்குட்டையால் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் நின்றவன் ரானல்ட். எடின்பரோவில் படித்த பையன், மரியாதை தெரிந்தவன், பொய் வராதவன். என் வேண்டுதல் வீண்.

ஆல்வின் நேராகக் கணப்படுப்புக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். மான். நட்சத்திரம். கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார்.

"தம்பி, இதுக்கு முன்னால வேற சின்னம் எதுவும் இருந்துச்சா?"

ரானல்ட் ஊசியை வாங்கிப் பார்த்தான். "மன்னிக்கணும் சார். இந்தக் குடும்பத்துக்கு என்னிக்குமே மான்தான்."

"கடைசிப் பையன் ஒருத்தர் நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினாரே. புதுக் கோபுரம் கட்டின பிரபுவோட பையன்."

"அந்தப் பிரபுவுக்கு ரெண்டும் பொண்ணுங்க சார்," என்றான் ரானல்ட் மெதுவாக.

வண்டியில் வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். மூன்று நாளாகச் சீண்டக் காத்திருந்த பிரென்டிஸ்கூட உத்தரத்தைப் பார்த்தார். ஆல்வின் ஊசியைத் திரும்ப வாங்கி, கில்ட்டில் குத்தாமல், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நோலீன் இந்த நாளுக்காகத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று நினைத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. "அவர் ஒண்ணும் தப்பாக் கேட்டுடலையே," என்று ரானல்டைப் பார்த்து வெடுக்கென்று சொல்லிவிட்டு, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது புதுக் கோபுரம். கட்டி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, எங்களுக்கு இன்னும் அது புதுசுதான். சுற்றிச் சுற்றி ஏறும் கல் படிக்கட்டு, மேலே போனால் கடல் தெரியும்.

"நான் வண்டியில உக்காந்திருக்கேன்," என்றார் ஆல்வின்.

"காசு குடுத்திருக்கோம். ஏறு கிழவா," என்றாள் நோலீன்.

முழங்கால் வலியோடு அவளே முன்னால் ஏறினாள். மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். அவளுக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நான். மூன்றாவது திருப்பத்தில் அவள் நின்றாள். மூச்சு வாங்கச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அப்படியே அந்தக் கல்லை விரலால் தடவினாள்.

"ஆல்வின். இங்க வா."

"முட்டி வலிக்குதா?"

"முட்டி கிடக்குது. கையக் குடு."

அவருடைய விரலைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்துத் தேய்த்தாள். ஜன்னல் இல்லாத திருப்பம், கல்லில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் விரல் ஒரு கோட்டின் மேல் போனது, இன்னொரு கோட்டின் மேல் வந்தது, மேலே மூடியது, கீழே இறங்கி வாலில் நின்றது. பையிலிருந்து ஊசியை எடுத்துக் கல்லில் வைத்துப் பார்த்தார். வால் அதே காலில்தான் இருந்தது.

நான் வாயைத் திறந்துவிட்டேன். கோட்டைக்கு உள்ளே, படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கும்படி.

"அது கல்தச்சரோட குறி, சார். ஒவ்வொரு கல்தச்சருக்கும் தனியா ஒரு குறி உண்டு. செதுக்கி முடிச்ச கல்லுல அத வெட்டிடுவாரு, இது என் வேலைன்னு."

மேலேயிருந்து ரானல்ட் இறங்கி வந்தான். "இஷ்பெல், உள்ள நீங்க பேசக் கூடாதுன்னு..."

"ரானல்ட், ஓடிப் போய் டார்ச் எடுத்துட்டு வா."

ஓடினான். அதற்காக அவன் செய்த எதையும் மன்னிப்பேன். டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்ததும், மொழுமொழுவென்று இருந்த கல்லில் கோடுகள் எழுந்து வந்தன. அந்தக் கல்லில், அதற்கு மேல் கல்லில், படியின் பக்கத்தில், திருப்பத்துக்குத் திருப்பம். வேறு ஆட்களின் குறிகளும் இருந்தன, ஆனால் வால் வைத்ததுதான் அதிகம்.

"சார், இங்க ஒண்ணு இருக்கு," என்று மேலேயிருந்து குரல் வந்தது. பிரென்டிஸ். "இங்கயும் இருக்கு. அட, ஜன்னல் வளைவு முழுக்க உங்க ஆளோடதுதான் சார்."

என் ஆட்களும் இந்தப் பள்ளத்தாக்கில் கல் சுமந்தவர்கள்தான். கோட்டைக் கதை என்றால் பிரபுக்களின் பெயரை வரிசையாகச் சொல்லியே பழகிய நாக்கு என்னுடையது. அந்த வரிசையில் அன்றைக்கு ஒரு கில்ரே வந்து நின்றார். பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, இருட்டாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

"பிரபு பையன் இல்ல," என்றார் ஆல்வின்.

"இல்ல," என்றாள் நோலீன். அவர் கையை இன்னும் விடவில்லை. "அதான் கை இப்படி இருக்கு."

ரானல்ட் டார்ச்சைத் தாழ்த்தினான். "இத்தன தடவ ஏறி இறங்கியிருக்கேன் சார், ஒரு நாளும் பாக்கல. நீங்க கூடத்துல கேட்டீங்களே, அந்த மான் சின்னம். இந்தக் கோபுரத்துல அது ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு, வாசலுக்கு மேல."

"வாடகைக்கு இருந்தவங்க போல," என்றாள் நோலீன்.

படம் கணப்படுப்புக்குக் கீழே எடுக்கவில்லை. கோபுரத்து மூலையில், மழைத் தூறலில், சுவரில் ஒரு கையை வைத்தபடி எடுத்தோம். எடுத்தது ரானல்ட். ஊசி பழையபடி கில்ட்டில் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்த விடுதிக்காரி என்னை வையப் போகிறாள் என்று தெரிந்தும் நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

எல்லாரும் வண்டியில் ஏறிவிட்டார்கள். ஆல்வின் மட்டும் பின்னால் நாலடி நகர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோபுரத்தின் ஓரத்தை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். மூன்று நாள் அவர் எங்கள் சுவர்களுக்குக் கொடுத்த தீர்ப்பை எல்லாரும் கேட்டிருந்தோம். வண்டிக்குள் எல்லாரும் அவர் பக்கத்து ஜன்னலை நோக்கிச் சாய்ந்தார்கள்.

பிரென்டிஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "எப்படி சார்? தேறுமா?"

ஆல்வின் மூடியிருந்த கண்ணைத் திறந்தார்.

"ஒரு நூல்கூடப் பிசகல," என்றார்.